முதல்ல எர்த், அப்புறம் ஹீட்டர்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

 நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சேன். மைக் பிடிச்சுப் பேசுறது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தா பொறுத்துக்கணும்.

நம்ம பூந்தமல்லிப் பக்கம் சித்திரையில் மாடி சின்டெக்ஸ் தண்ணியே கொதிக்கும். ஆனா மார்கழி, தை வந்தா எங்க அத்தைக்கு முட்டி வலி, பொண்ணுக்கு சளி. வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் நைட் ஷிப்ட் முடிச்சு விடிகாலையில் வருவார். அதனால பல வருஷமா எங்க வீட்டில் வாட்டர் ராடுதான்.

போன மார்கழியில் ராடைப் பக்கெட்டில் போட்டுட்டு அடுப்படியில் இருந்தேன். தண்ணி சுட்டுடுச்சான்னு பார்க்க என் பொண்ணு கையை விட்டுட்டா. ஒரே அலறல். ஓடிப் போய் சுவிட்சை அணைச்சேன். கடவுள் புண்ணியத்தில் பிள்ளை தப்பிச்சா. அன்னைக்கு ராத்திரி முழுக்க அவ கையைப் பிடிச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தேன்.

ஹீட்டர் வாங்க குழுவில் 12,000 ரூபாய் உள்கடன் கேட்டேன். எங்க ஊக்குநர் அக்கா, "எத்தனை லிட்டர், எத்தனை வாட், வீட்டில் எர்த் இருக்கா?" என்று கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியலை. ஒரு வாரம் டைம் வாங்கி விசாரிச்சேன். தெரிஞ்சதைச் சொல்றேன்.

1000 வாட் பொருள் ஒரு மணி நேரம் ஓடினா ஒரு யூனிட். உடனடி ஹீட்டர் பெரும்பாலும் 3000 வாட். பழைய வயர் அதைத் தாங்காது. 15 லிட்டர் டேங்க் ஹீட்டர் 2000 வாட்டில் கிடைக்குது. ஒரு தடவை காய பதினைந்து, இருபது நிமிஷம், அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே. பச்சைத் தண்ணி கலந்தா இரண்டு பேர் குளிக்கலாம். ஐந்து பேரும் தினமும் குளிச்சா இரண்டு மாசத்துக்குக் கிட்டத்தட்ட 90 யூனிட். அரசு கொடுக்கும் இலவச யூனிட்டில் பெரிய பங்கை இது ஒண்ணே விழுங்கிடும்! 500 யூனிட் தாண்டினா முன்னாடி யூனிட்டுக்கும் விலை ஏறிடும். அதனால எங்க வீட்டில் மார்கழி, தையில் மட்டும்தான் ஹீட்டர்.

ராடு கரண்டை அதிகம் இழுக்கும்னு சொல்வாங்க. அதே தண்ணியை அதே சூடாக்க எல்லாத்துக்கும் ஏறக்குறைய அதே கரண்ட்தான். ஆனா ராடு தானா நிக்காது. நாம மறந்தா கொதிச்சுக்கிட்டே இருக்கும், தொட்டா ஷாக்.

ஹீட்டரில் ஒட்டியிருக்கும் ஸ்டார் எதுக்குன்னா, டேங்கில் இருக்கும் சூடு ஆறாம நிக்குதான்னு காட்டத்தான். நேரம் விட்டு விட்டுக் குளிக்கிற வீட்டுக்கு 5 ஸ்டார் நல்லது. ஆனா நாள் முழுக்க சுவிட்சைப் போட்டு வச்சா 5 ஸ்டாரும் வீண். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் பார்க்கணும். கேஸ் ஹீட்டரைக் காத்து வராத குளியலறையில் வைக்கவே கூடாது, அந்தப் புகை வாசனை இல்லாமலே உயிரை எடுக்கும். சோலார் கரண்ட் செலவில்லாம சூடாக்கும். எங்களுது ஷீட் கூரை, அது தாங்காது. தளம் போட்ட வீட்டுக்காரங்க யோசிக்கலாம்.

நம்ம ஊர் போர் தண்ணி உப்பு. ராடில் வெள்ளையாப் படியுதே, அதுதான் ஹீட்டர் உள்ளேயும் படியும். படிஞ்சா சூடாக நேரமாகும், கரண்ட் வீணாகும். வருஷம் ஒரு தடவை சர்வீஸ் பண்ணணும்.

கடைசியில் எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து பார்த்தார். எங்க வீட்டில் எர்த்தே இல்லை! மூணு ஓட்டை பிளக் இருக்கு, மூணாவது ஓட்டையில் வயரே போகலை. இத்தனை வருஷம் அதில்தான் ராடு போட்டிருக்கோம். அதனால கடன் வாங்கினதும் முதல்ல எர்த் போட்டோம். கரண்ட் கசிஞ்சா தானா நிக்கிற ஆர்.சி.சி.பி. வச்சோம். மீதியில்தான் 15 லிட்டர் ஹீட்டர். இப்போ அத்தை அவங்களே குழாயைத் திறந்து பிடிச்சுக்கிறாங்க. பொண்ணும் பயமில்லாம குளிக்கிறா.

சகோதரிகளே, ஒரு வேண்டுகோள். கிரைண்டரோ ஹீட்டரோ, மின்சாரப் பொருளுக்குக் கடன் கேட்டா, "எர்த் இருக்கா?" என்று குழுவில் கேளுங்க. பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்க. எங்க அக்கா கேட்ட அந்த ஒரு கேள்வி எங்க வீட்டைக் காப்பாத்துச்சு.