ஜெரேனியம்: பெயரும் பேணுதலும்

வடநாட்டு நகரங்களில் குளிர்காலத்தில் மாடி முகப்புகளில் செங்கொத்துகளாகப் பூக்கும் ஜெரேனியத்தைக் கண்டிருப்பீர்கள். அதன் முறையான பெயர் பெலார்கோனியம். பெரும்பாலான வகைகளின் தாயகம் தென்னாப்பிரிக்கா. லின்னேயஸ் 1753-இல் இதனை ஜெரேனியத்தோடு சேர்த்து எழுதினார். பிரெஞ்சு அறிஞர் லெரித்தியே 1789-இல் தனிப் பேரினமாகப் பிரித்தார். காய், நாரையின் அலகை ஒத்திருப்பதால் அப்பறவையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே பெயராயிற்று. ஆயினும் மக்கள் நாவில் பழைய பெயரே நிலைத்துவிட்டது. நீலகிரியில் நறுமணத் தைலத்திற்காகப் பயிராகும் ஜெரேனியமும் இக்குலத்ததே.

சதைப்பற்றுள்ள தண்டு நீரைச் சேமித்து வைப்பதால் இச்செடி வறட்சியைத் தாங்கும். தேங்கும் நீரைத் தாங்காது. துளசிக்கு வார்ப்பதுபோல் நாள்தோறும் நீர் வார்த்தால் அடித்தண்டு கறுத்து அழுகும். ஆகவே மேல்மண் உலர்ந்த பின்னரே நீர் விடுக. தோட்டமண், மணல், இலைமக்கு மூன்றையும் சமமாகக் கலந்து, அடியில் துளையுள்ள தொட்டியில் நடுக. குளிர்காலத்தில் நல்ல வெயிலும், கோடையில் பிற்பகல் நிழலும், மழைக்காலத்தில் கூரையும் வேண்டும்.

இத்தனை காத்தும் பல செடிகள் மழைக்காலத்தில் மடிவதுண்டு. அதற்கு முன்னேற்பாடாக, மாசி மாதத்தில் நான்கு அங்குல நீளமுள்ள பூவற்ற கிளைகளை வெட்டி, கீழிலைகளை நீக்கி, வெட்டுவாய் உலர்ந்தபின் மணலில் நட்டு வையுங்கள். சில வாரங்களில் வேர் பிடிக்கும். தாய்ச்செடி போயினும், அதே நிறமும் குணமும் கொண்ட கன்று அடுத்த குளிர்காலத்தில் உங்கள் முகப்பில் பூக்கும்.