ஏரிக்கரைத் தெருவில் வளர்ந்தவன் பேசுகிறேன்
(ஏரி பாதுகாப்பு ஆர்ப்பாட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஏரியைக் கொடுத்துட்டா என்னப்பா, புள்ளைங்க டவுன்ல போய் நல்லா வளரட்டுமே" என்று நம்ம ஊரில் ஒரு பேச்சு ஓடுது. டவுனில் வளர்ந்தவன் நான். அதனால நான்தான் இதற்குப் பதில் சொல்லணும்.

எனக்குச் சொந்த ஊர் வீராணம் ஏரி ஆயக்கட்டு. பராந்தக சோழன் காலத்து ஏரி, சுமார் 45 ஆயிரம் ஏக்கருக்குப் பாசனம். 2002, 2003 ரெண்டு வருசமும் ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கல. குறுவை போச்சு. அப்பா ஏரைச் சாத்தி வைத்துவிட்டு எங்களைக் கூட்டிக்கொண்டு மெட்ராஸ் வந்தார். எனக்கு அப்போ 12 வயசு. அப்பாவுக்கு தி.நகரில் ஒரு துணிக்கடையில் மூட்டை தூக்குற வேலை. குடியிருந்தது மேற்கு மாம்பலத்தில், லேக் வியூ ரோடு பக்கம் ஒரு சந்து.

லேக் என்றால் ஏரிதானே? ஊர்ப் பையன் இல்லையா, முதல் நாளே தேடிக்கொண்டு போனேன். எதிரில் ரயில் தண்டவாளம், அதைத் தாண்டி கடைகள். வீட்டுக்காரப் பாட்டி சிரித்தார். "நீ நிக்கிற இடத்துக்கு எதுத்தாப்ல எல்லாம் ஏரிதான்டா, தூர்த்துட்டாங்க" என்றார். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரைக்கும் கிடந்த நீண்ட ஏரி அது. 1920-களில் அதை வற்ற வைத்து மனை போட்டதுதான் தியாகராய நகர். மாம்பலம் அப்போ கிராமம். அந்த ஏரியை நம்பி நாத்து விட்டவன் எங்கே போனான் என்று எந்தத் தெருப்பலகையிலும் எழுதலை.

2004-ல் புதிய வீராணம் திட்டம் வந்தது. சுமார் 230 கிலோமீட்டர் குழாய். ஒரு நாள் சாயங்காலம் குடத்தோடு வரிசையில் நிற்கிறேன், லாரிக்காரர் சொன்னார்: "வீராணத்துத் தண்ணி தம்பி." எங்கப்பா மடை திறந்த தண்ணி! அதுக்குக் குடம் வைத்துச் சண்டை போட்டவன் நான். அப்பாவிடம் சொன்னேன். ஒரு டம்ளர் மொண்டு குடித்தார், ஒண்ணும் பேசலை.

பட்டணத்தைத் திட்ட நான் வரலை. ஊர் டீக்கடையில் எங்களுக்குத் தனி டம்ளர். ரங்கநாதன் தெருவில் யாரும் என்ன ஆளுன்னு கேட்டுட்டு டீ கொடுக்கலை. (வாடகைக்கு வீடு கேட்டப்போ கேட்டாங்க, அதையும் மறைக்க வேண்டாம்.) படிக்கப் பள்ளிக்கூடம் இருந்தது, கோட்டூர்புரத்தில் 2010-ல் பெரிய நூலகம் வந்தது. ஆனால் நிலத்தை விட்டுவிட்டு வந்த பிள்ளைக்கு அங்கே கிடைக்கிற வேலை எது? கடையில் காலையிலிருந்து ராத்திரி வரை நின்னுக்கிட்டே இருக்கிற வேலை. உட்கார ஒரு ஸ்டூல் போடச் சொல்லி 2021-ல் சட்டசபையில் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது!

தூர்த்த ஏரி சும்மா இருந்ததா? 2015-லும் 2021-லும் தி.நகர் தெருவில் தண்ணி வீட்டுக்குள்ளே வந்தது. பள்ளம் எதுன்னு தண்ணிக்குத் தெரியும். நடுவில் 2019-ல் நாலு ஏரியும் காய்ந்து, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணி கொண்டு வந்தார்கள், ஒரு வண்டிக்கு 25 லட்சம் லிட்டர். அதுவும் கிராமத்துத் தண்ணிதான்.

இன்னைக்கு நம்ம ஏரியில் கல் ஊன்ற வருகிறார்கள். பரந்தூர் பக்கம் ஏகனாபுரத்துக்காரங்க 2022-ல் விமான நிலைய அறிவிப்பு வந்ததும் என்ன செய்தாங்க? ராத்திரி ராத்திரி கூடி உட்கார்ந்தாங்க, கிராம சபையில் தீர்மானம் போட்டாங்க. நாமும் போடுவோம். வர்ற அக்டோபர் 2 கிராம சபைக்கு வீட்டுக்கு ஒருத்தராவது வாங்க, பெண்கள் கட்டாயம் வரணும். "ஏரியைக் காப்போம்" என்று மொட்டையாக எழுதினால் செல்லாது. அ-பதிவேட்டைப் பார்த்து ஏரியின் புல எண், பரப்பு, மதகு எத்தனை, பாயுற நிலம் எவ்வளவு, எல்லாம் தீர்மானத்தில் ஏறணும். கையெழுத்துப் போட்டதும் நகல் கேட்டு வாங்குங்க.

பிள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க. ஞாயிற்றுக்கிழமை காலையில் கரையைச் சங்கிலி போட்டு அளக்கப் போறோம், சங்கிலியின் ஒரு முனையை அவங்கதான் பிடிக்கணும்.