வாட்ஸ்அப் திறக்கவில்லையா? காரணம் அறிந்து சரிசெய்வோம்

(மணப்பட்டில் கூடிய விவசாயிகளிடையே ஆற்றிய உரை)



உழவியல் ஆசிரியன் ஒருவன் உங்கள் முன் நின்றால் நெல் நாற்றங்கால் பற்றியோ, மணிலாவுக்கு ஜிப்சம் இடுவது பற்றியோ பேசுவான் என்று எதிர்பார்ப்பீர்கள். இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது செல்போன் சங்கதி. பாகூர் வட்டாரத்தில் எந்த வயலுக்குப் போனாலும் பயிரைப் பற்றிய கேள்வி முடிந்ததும் இரண்டாவது கேள்வி ஒன்று வருகிறது. "சார், வாட்ஸ்அப் உள்ளே போக மாட்டேங்குது, கொஞ்சம் பாருங்க" என்பதே அது. பலருக்கும் உள்ள சங்கடமாகையால் இதைப் பொதுவில் பேசுவது நல்லது என்று கருதினேன்.

இது வெறும் பொழுதுபோக்குச் சாதனம் அன்று. வாரந்தோறும் செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் வெளியாகும் வேளாண் வானிலை அறிக்கை, விதை இருப்பு, பூச்சித் தாக்குதல் எச்சரிக்கை, காய்கறி விலை ஆகிய பலவும் இன்று வாட்ஸ்அப் குழுக்கள் வழியாகவே நமக்கு வந்து சேருகின்றன. 2024 நவம்பர் 30-ஆம் தேதி பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது 40 சென்டிமீட்டருக்கும் அதிகமான மழை கொட்டியது. அடுத்து டிசம்பர் 2-ஆம் தேதி விடியற்காலையில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி நீர் திறக்கப்பட்டுத் தென்பெண்ணை பெருக்கெடுத்தது. அத்தகைய இரவில், மாட்டை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டுங்கள் என்ற செய்தி வரும்போது உங்கள் போன் மட்டும் மூடிக்கிடந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே மழைக்காலத்துக்கு முன் வரப்பைச் சரிபார்ப்பது போல இதையும் சரிபார்த்து வைக்க வேண்டும்.

அடிப்படையாக அறிய வேண்டியது

வாட்ஸ்அப் கணக்கு உங்கள் போனுக்கு உரியதன்று. உங்கள் செல்போன் எண்ணுக்கு உரியது. நிலத்துக்கு சர்வே எண் எப்படியோ அப்படி. போன் என்பது உழவு மாட்டைப் போன்றது. மாட்டை மாற்றலாம், நிலம் மாறாது. புதிய போன் வாங்கினாலும் பழைய எண்ணைக் கொடுத்து உள்ளே நுழைந்தால் நீங்கள் இருந்த குழுக்கள் அப்படியே இருக்கும். எண்ணை இழந்தால்தான் எல்லாம் போகும்.

இந்த எண் உங்களுடையதுதான் என்பதற்குச் சான்றாக ஆறு இலக்கச் சங்கேத எண் ஒன்று எஸ்.எம்.எஸ். மூலமோ, அழைப்பு மூலமோ வரும். அதுவே சாவி. இந்த இரண்டையும் மனத்தில் இருத்திக்கொண்டால் கோளாறுகளில் பெரும்பாலானவை விளங்கிவிடும்.

முதலில் அறிகுறி பார்க்கவும்

நெல் மஞ்சளித்தால் தழைச்சத்துக் குறையா, துத்தநாகக் குறையா, துங்ரோ நோயா என்று பாராமல் யூரியாவை அள்ளி வீசுகிறவர் உண்டு. செலவுதான் மிச்சம். அதுபோலவே வாட்ஸ்அப் திறக்கவில்லை என்றதும் அதை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றுவது பலருக்குப் பழக்கமாகிவிட்டது. இது தவறு. காப்புப்பிரதி எடுத்து வைக்காத நிலையில் நீக்கினால் பழைய செய்திகளும் படங்களும் போய்விடக்கூடும். ஆகவே திரையில் என்ன எழுதியிருக்கிறது என்பதை முதலில் நிதானமாகப் படிக்க வேண்டும். ஆங்கிலமாயின் பள்ளிக்குச் செல்லும் பிள்ளையைப் படிக்கச் சொல்லலாம். அதன்பின் கீழ்க்கண்டவாறு காரணத்தைக் கண்டறியலாம்.

1. சங்கேத எண் வரவில்லை

இதுவே மிகுதியாகக் காணப்படும் கோளாறு. முதலில் கொடுத்த எண் சரிதானா என்று பாருங்கள். நாடு இந்தியா என்றும், முன்குறி +91 என்றும் இருக்க வேண்டும். பிறகு பத்து இலக்கங்களை மட்டும் இட வேண்டும். முன்னால் பூஜ்யம் சேர்க்கக் கூடாது.

அடுத்து அந்த எண்ணுக்கு வேறொரு போனிலிருந்து அழைத்துப் பாருங்கள். மணி அடிக்கவில்லையென்றால் கோளாறு வாட்ஸ்அப்பில் இல்லை. சிம்மில் அல்லது ரீசார்ஜில் இருக்கிறது. மணி அடித்தால், சிக்னல் நன்றாகக் கிடைக்கும் வெட்டவெளிக்கு வந்து, எண் வரும்வரை காத்திருங்கள். எஸ்.எம்.எஸ். வராவிடில், சிறிது நேரம் சென்றபின் அழைப்பு மூலம் பெறும் வழி திரையில் காட்டப்படும். அதைத் தேர்ந்தெடுத்தால் ஒரு குரல் ஆறு எண்களையும் சொல்லும். காகிதமும் பேனாவும் அருகில் இருக்கட்டும்.

சிம் தொலைந்தோ பழுதாகியோ புதிய சிம் வாங்கியவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மாற்று சிம் இயங்கத் தொடங்கிய முதல் 24 மணி நேரத்துக்கு எஸ்.எம்.எஸ். வராது, போகாது. பிறர் எவரேனும் உங்கள் பெயரில் சிம் வாங்கி வங்கிப் பணத்தை எடுத்துவிடாதிருக்கச் செய்யப்பட்ட ஏற்பாடு இது. சென்ற பருவத்தில் பெரியவர் ஒருவர் இதை அறியாமல், மாலையில் சிம் வாங்கி இரவு முழுதும் முயன்று, காலையில் போனே கெட்டுவிட்டது என்று விற்கப் புறப்பட்டுவிட்டார். ஐயா, இன்று மாலைவரை பொறுங்கள் என்றேன். அன்று மாலையே சங்கேத எண் வந்தது. அவர் செய்ய வேண்டியிருந்த வைத்தியம் பொறுமை ஒன்றே.

2. காத்திருக்கச் சொல்கிறது

எண்ணைத் தவறாக இட்டாலோ, திரும்பத் திரும்பக் கேட்டாலோ வாட்ஸ்அப் சில நிமிடங்களோ சில மணி நேரமோ காத்திருக்கச் சொல்லும். மீண்டும் மீண்டும் முயன்றால் அந்த நேரம் நீளும். திரையில் காட்டும் நேரம் முடியும்வரை போனைத் தொடாமல் வைத்துவிட வேண்டும். பல முறை கேட்டிருந்தால் கடைசியாக வந்த எண்ணையே இட வேண்டும். ஊகித்து எதையும் இடக் கூடாது.

3. எஸ்.எம்.எஸ்.ஸில் வராத பின் நம்பரைக் கேட்கிறது

சங்கேத எண்ணை இட்ட பின்னும் வேறோர் ஆறு இலக்க எண் கேட்கப்பட்டால் அது இரட்டைப் பாதுகாப்புக்காக முன்பு நீங்களோ, உங்கள் பிள்ளையோ வைத்த பின் நம்பர். இது எஸ்.எம்.எஸ்.ஸில் வராது. போனை அமைத்துக் கொடுத்தவரைக் கேளுங்கள். மின்னஞ்சல் முகவரி கொடுத்திருந்தால் அதன் வழியே மாற்றிக்கொள்ளலாம். கொடுக்கவில்லையெனில் 7 நாட்கள் காத்திருந்து புதிதாக அமைக்க வேண்டும். மறதியுள்ளவர்கள் இந்த எண்ணை வீட்டுக் கணக்கு நோட்டில் குறித்து வைக்கலாம். போனின் உறையில் எழுதி வைக்கக் கூடாது.

4. போனிலேயே குறை

தேதியும் நேரமும் தவறாக இருந்தால் வாட்ஸ்அப் இணைப்புப் பெறாது. பேட்டரி முழுதும் இறங்கிக் கிடந்த போன்களில் இதைப் பார்க்கலாம். அமைப்புகளில் நேரத்தைத் தானாக எடுத்துக்கொள்ளும்படி வைத்துவிட்டால் தீர்ந்தது. காலை வணக்கப் படங்களும் வீடியோக்களும் நிறைந்து இடமில்லாமல் போனாலும் வாட்ஸ்அப் முடங்கும். களை எடுப்பது போல வேண்டாதவற்றை அவ்வப்போது நீக்குக.

போன் மிகப் பழையதாயின் வாட்ஸ்அப் அதில் இயங்காது. ஆண்ட்ராய்டு 5.0-க்குக் கீழ்ப்பட்ட போன்களுக்கு 2023 அக்டோபரிலேயே சேவை நிறுத்தப்பட்டுவிட்டது. பொத்தான் வைத்த ஜியோ போன்களில் 2024 ஜூன் முதல் வாட்ஸ்அப்பைப் புதிதாக ஏற்ற இயலாமல் போயிற்று. பழைய போன் வாங்குவோர் இதைக் கேட்டறிந்து வாங்குவது நலம்.

5. கணக்கு தடை செய்யப்பட்டுள்ளது

கம்பெனி வெளியிடாத போலி வாட்ஸ்அப்களைச் சிலர் கூடுதல் வசதி என்று ஏற்றிக்கொள்கின்றனர். அவற்றைப் பயன்படுத்தினால் கணக்கு தடை செய்யப்படும். விளைபொருளை விற்கும் ஆவலில் அறிமுகமில்லாத நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஒரே செய்தியை அனுப்பினாலும் இதே கதிதான். தவறாகத் தடை செய்யப்பட்டதாகக் கருதினால் மறுபரிசீலனை கோரும் வழி அந்தத் திரையிலேயே உண்டு. போலியை நீக்கிவிட்டு உண்மையானதை ஏற்றிய பின்னரே கோர வேண்டும்.

6. வேறொருவர் நுழைந்துவிட்டார்

எல்லாவற்றிலும் ஆபத்தானது இதுவே. தெரிந்தவர் பெயரிலிருந்து, "என் எண் தவறி உங்களுக்கு வந்துவிட்டது, அனுப்புங்கள்" என்று செய்தி வரும். நீங்கள் அனுப்புவது உங்கள் சாவி. அடுத்த நிமிடம் உங்கள் போனில் வாட்ஸ்அப் மூடிக்கொள்ளும். உங்கள் பெயரில் உறவினரிடமும் குழுவிலும் அவசரமாகப் பணம் கேட்பான். கூரியர் என்றோ, போன் கம்பெனி என்றோ பேசி, நட்சத்திரக் குறியில் தொடங்கும் எண் ஒன்றை அழுத்தச் சொல்வதும் உண்டு. அதை அழுத்தினால் உங்களுக்கு வரும் அழைப்புகள் அவனுக்குத் திரும்பிவிடும். அழைப்பில் வரும் சங்கேத எண்ணும் அவனுக்கே போகும்.

இவ்வாறு நேர்ந்தால் பதற்றம் வேண்டா. அழைப்புகள் திருப்பப்பட்டிருக்கும் என்று ஐயமிருந்தால் ##002# என்று அழுத்தி எல்லாவற்றையும் ரத்து செய்யுங்கள். பின் உங்கள் எண்ணைக் கொடுத்து மீண்டும் நுழையுங்கள். புதிதாக வரும் சங்கேத எண்ணை இட்டவுடனே அவன் வெளியேற்றப்படுவான். அவன் பின் நம்பர் வைத்திருந்தால் 7 நாட்கள் காத்திருக்க நேரிடும்; ஆயினும் அந்த 7 நாட்களும் அவனாலும் உள்ளே இருக்க முடியாது. நுழைந்ததும், இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற பகுதியில் தெரியாத கருவி ஏதேனும் இருந்தால் நீக்கிவிடுங்கள். இதற்கிடையில் உறவினருக்குப் போன் செய்து, பணம் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். பணம் போயிருந்தால் தாமதமின்றி 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம்.

வருமுன் காப்போம்

நோய் வந்தபின் மருந்தடிப்பதைவிட விதை நேர்த்தி செய்வது மலிவு. கீழ்க்கண்டவற்றை இந்த வாரமே செய்து முடியுங்கள்.

அ. உங்கள் வாட்ஸ்அப் எந்த எண்ணில் இருக்கிறது என்று பாருங்கள். வெளிநாட்டிலிருக்கும் மகன் விட்டுச்சென்ற போனில் மகனுடைய எண்ணிலேயே கணக்கு நடப்பதைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். சாவி அங்கே போகும். பூட்டு இங்கே இருக்கும். அமைப்புகளில் எண்ணை மாற்றும் வசதி உண்டு. பழைய எண் கையில் இருக்கும்போதே மாற்றிக்கொண்டால் குழுக்கள் போகாது.

ஆ. சிம் உங்கள் பெயரில் இருக்கட்டும். தொலைந்தால் மாற்று சிம் பெற யார் பெயரில் உள்ளதோ அவரே அடையாளச் சான்றுடன் செல்ல வேண்டும்.

இ. எண்ணைப் பட்டினி போடாதீர்கள். 90 நாட்கள் பேச்சு, எஸ்.எம்.எஸ்., இணையம் எதுவும் இல்லாத எண்ணைக் கம்பெனி நிறுத்திவிடலாம். ப்ரீபெய்டு எண்ணில் 20 ரூபாய் இருப்பு இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு மேலும் 30 நாட்கள் வைத்திருப்பார்கள். நிறுத்தப்பட்ட எண் பின்னர் வேறொருவருக்குப் போய்விடும். வாட்ஸ்அப் கணக்கும் 120 நாட்கள் இணைப்பின்றிக் கிடந்தால் பொதுவாக நீக்கப்படும். பி.எம். கிசான் பதிவும் வங்கிக் கணக்கும் அதே எண்ணில்தானே இருக்கின்றன? ஆகவே அறுவடைப் பணம் வந்ததும் முதல் செலவாக ரீசார்ஜ் செய்துவிடுங்கள்.

ஈ. சிம்மை அந்தப் போனிலேயே வைத்திருப்பது நல்லது. பதிவு செய்த சிம் போனில் இல்லாவிட்டால் இத்தகைய செய்திச் செயலிகள் இயங்கக் கூடாது என்று மத்திய தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பர் 28-ல் உத்தரவிட்டது.

உ. இரட்டைப் பாதுகாப்புப் பின் நம்பரை அமைத்து, நம்பகமான மின்னஞ்சல் ஒன்றையும் சேர்த்து வையுங்கள். காப்புப்பிரதியும் எடுத்து வையுங்கள்.

ஊ. ஆறு இலக்க எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள். வங்கி அதிகாரி, வேளாண் அலுவலர், ஏன், நானே கேட்டாலும் சொல்லக் கூடாது.

இன்னொன்றும் சொல்லி முடிக்கிறேன். எவ்வளவு காத்தாலும் புயல் நாளில் செல்போன் கோபுரமே நின்றுவிடலாம். ஆகவே ஒவ்வொரு தெருவிலும் இரண்டு மூன்று பேர் தங்களுக்குள் எண்களைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எவர் போனில் செய்தி வந்தாலும் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லுங்கள். பயிர் பற்றிய ஐயங்களுக்கு உழவர் அழைப்பு மையத்தின் கட்டணமில்லா எண் 1800-180-1551 இருக்கிறது. அதற்கு வாட்ஸ்அப் தேவையில்லை, சாதாரணப் போனே போதும்.

காரணம் அறிந்து வைத்தியம் செய்கிறவரிடம் பயிரும் பிழைக்கும், போனும் பிழைக்கும். மேற்கூறிய முறைகளைக் கையாண்டு பயன்பெறுவீர்களாக.