விளையாட்டுக்குள் சூது புகலாமோ?

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



தான்தோன்றீச்சரப் பெருமானின் திருவருள் நிழலில் கூடியிருக்கும் இவ்வவையில், சமயப் பொருளொன்றைப் பற்றிப் பேசுவோம் என்றே பலரும் எதிர்பார்த்திருப்பீர்கள். நாம் எடுத்துக்கொண்டதோ கைத்தொலைபேசி விளையாட்டு. இஃதென்ன, மேடைக்குப் பொருந்தாத பேச்சு என்று பெரியோர் எண்ணவேண்டாம். சிறிது நேரத்தில் இப்பேச்சு அத்தினாபுரத்து அரண்மனைக்கே போய்ச் சேரும்.

படுவான்கரையிலே நாம் அறிந்த வீடொன்று உண்டு. தாயார் வெளிநாட்டிலே வீட்டுப் பணி செய்கின்றார். மகன் அம்மம்மாவிடம் வளர்கின்றான், படிப்பிலே கெட்டிக்காரன். தனியார் வகுப்புக்கென்று தாய் அனுப்பிய பணம் மூன்று மாதமாக வகுப்புக்குப் போய்ச் சேரவில்லை. விசாரித்தபோது பதினெட்டாயிரம் ரூபா ஒரு விளையாட்டுக்குள் போயிற்று என்பது தெரிந்தது. பையன் திருடனல்லன், பொய்யனுமல்லன். கேட்டவுடன் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னான். "அடுத்த பெட்டியில் வந்துவிடும் என்று நினைத்தேன்" என்றான். அம்மம்மா எம்மைப் பார்த்து, "அந்தப் பெட்டிக்குள்ள என்னதான் கிடக்கு மனே?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை சொல்லவே இன்று இம்மேடையில் நிற்கின்றோம்.

அப்பெட்டிக்கு ஆங்கிலத்திலே 'லூட் பொக்ஸ்' என்று பெயர். நாம் அதனை மூடிய பரிசுப்பெட்டி எனலாம். 'பிறீ பயர்', 'பப்ஜி' முதலிய விளையாட்டுக்களை இளைஞர் அறிவர். விளையாட இலவசம், ஆனால் வீரனுக்கு அழகிய உடையும் அரிய ஆயுதக் கோலமும் வேண்டுமானால் பணம் கொடுக்கவேண்டும். அதுவும் நேராக அன்று. முதலில் ரூபாவைக் கொடுத்து 'டயமண்ட்' போன்ற விளையாட்டுக் காசை வாங்கவேண்டும். பின்னர் அக்காசைக் கொடுத்துப் பெட்டியைத் திறக்கவேண்டும், அல்லது சக்கரத்தைச் சுழற்றவேண்டும். ரூபா டயமண்டாக மாறியவுடனே அதன் பெறுமதி கண்ணிலிருந்து மறைந்துவிடுகின்றது. பெட்டிக்குள் பெரும்பாலும் இருப்பது அற்பப் பொருள். விரும்பிய பொருள் எப்போதாவது ஒருமுறை வரும்.

இதில் ஒரு கணக்கு உண்டு, பிள்ளைகள் கவனிக்கவேண்டும். அரிய பொருள் நூற்றுக்கு ஒரு பெட்டியிலே வருமென்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நூறு பெட்டி வாங்கினால் நிச்சயம் கிடைக்கும் என்று மனம் சொல்லும். அது தவறு. நூறு பிள்ளைகள் ஆளுக்கு நூறு பெட்டி வாங்கினாலும், அவர்களில் ஏறத்தாழ முப்பத்தேழு பேர் வெறுங்கையோடுதான் நிற்பர். பெட்டி ஒன்று நூறு ரூபா என்றால், அந்த முப்பத்தேழு பேரும் தலைக்குப் பத்தாயிரம் ரூபா இழந்திருப்பர். 'இத்தனை முறை தோற்றோம், இனி வரத்தானே வேண்டும்' என்பது இதிலே செல்லாது. பெட்டிக்கு நினைவு இல்லை. போன பெட்டியை இந்தப் பெட்டி அறியாது.

இது சூதா, விளையாட்டா? கொடுப்பது பணம், முடிவு செய்வது அதிர்ஷ்டம், தூண்டுவது ஆசை. பொருட்பாலிலே கள்ளுண்ணாமைக்கு அடுத்ததாய், மருந்துக்கு முன்னதாய், சூது என்னும் அதிகாரத்தை வள்ளுவப் பெருந்தகை வைத்தார். அரசும் குடியும் பேசப்படும் பாலிலே அது வைக்கப்பட்டிருப்பது சிந்திக்கத்தக்கது.

மறுப்போர் சொல்வதையும் கேட்போம். "பெட்டியில் வருவது பணமன்று, வெறும் படம், ஆகவே சூதன்று" என்பர். நெதர்லாந்து நாட்டின் உயர் நிருவாக நீதிமன்றம் 2022ஆம் ஆண்டிலே, ஒரு பெரிய விளையாட்டு நிறுவனத்தின்மீது விதிக்கப்பட்ட தண்டத்தை நீக்கியது; பெட்டி தனிச் சூதாட்டமன்று, பெரிய விளையாட்டொன்றின் பகுதி என்று கொண்டது. "பெற்றோர் பார்த்துக்கொள்ளட்டும், அரசு ஏன் தலையிடவேண்டும்?" என்பாரும் உளர். பிரித்தானிய அரசு 2022 யூலையில் புதிய சட்டம் வேண்டாமென்று முடிவுசெய்து, விளையாட்டு நிறுவனங்களே தம்மைத் திருத்திக்கொள்ளுமாறு விட்டது. செத்த வீட்டிலே விழித்திருக்கக் கடுதாசி விளையாடுகிறோமே, சந்திக்குச் சந்தி அதிர்ஷ்டலாபச் சீட்டு விற்கிறதே, இதற்கு மட்டும் ஏன் ஆரவாரம் என்று நம்மூரிலும் கேட்கலாம்.

நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. சீட்டு வாங்குபவன் தான் அதிர்ஷ்டத்தை நாடுகிறான் என்பதை அறிந்தே வாங்குகிறான். பிள்ளையோ விளையாடப் போகிறது. விளையாட்டுக்குள்ளே சூது காத்திருக்கிறது. மேலும், சீட்டுக் குலுக்கலைப் பலர் முன்னிலையில் நடத்தலாம். பெட்டியின் பகடையோ நிறுவனத்தின் கையிலேயே இருக்கிறது. தென்கொரியாவிலே நடந்ததைக் கேளுங்கள். 'மேப்பிள் ஸ்ரோரி' என்னும் விளையாட்டிலே சில உயர்ந்த சேர்க்கைகள் ஒருபோதும் வராதபடி அமைத்துவிட்டு, அதனை விளையாடுவோர்க்கு அறிவிக்கவில்லை என்று கண்டு, அந்நாட்டு நியாய வாணிப ஆணைக்குழு 2024 சனவரியில் நெக்சன் நிறுவனத்துக்கு ஏறத்தாழ 1,160 கோடி வொன் தண்டம் விதித்தது. சகுனியின் பகடை இக்காலத்தில் எங்கே இருக்கிறது என்று இனியும் கேட்கவேண்டுமா?

இப்போது அத்தினாபுரத்துக்கு வருவோம். பாண்டிருப்பிலே திரௌபதை அம்மன் சடங்கிலும், நம் ஊர்க் கூத்துக் களரியிலும் அந்தக் கதையை நாம் வழிவழியாய்க் கண்டு வருகிறோம். தருமர் நாட்டை இழந்தார், தம்பியரை இழந்தார், தம்மை இழந்தார், திரௌபதையையும் இழந்தார். தருமரை ஏசுவோம், சகுனியை ஏசுவோம். ஆனால் அச்சபையிலே அரசன் ஒருவன் இருந்தான் என்பதை மறந்துவிடுகிறோம். விதுரர் எச்சரித்தார். 'நிறுத்துங்கள்' என்று ஒரு சொல் சொல்லும் அதிகாரம் திருதராட்டிரனுக்கு இருந்தது. அவனோ தன் மகன் வென்றானா, வென்றானா என்று கேட்டுக்கொண்டிருந்தான். குருடு கண்ணிலே இருந்தது பிழையன்று. நெஞ்சிலே இருந்ததே பிழை. அரசு தலையிடலாமா என்னும் வினாவுக்கு நம் முன்னோர் வைத்துச் சென்ற விடை இதுவே.

பல நாடுகள் இன்று அந்தச் சொல்லைச் சொல்லத் தொடங்கியுள்ளன. பெட்டிகளைத் திறந்து ஒரு தொகுதியை நிறைவு செய்தால் பெரும்பரிசு என்னும் முறையை யப்பான் 2012இல் தடுத்தது. எத்தனைக்கு ஒன்று வரும் என்பதை வெளியிடவேண்டுமென்று 2017இல் சீனாவும், 2024இல் தென்கொரியாவும் விதித்தன. அவுஸ்திரேலியாவிலே 2024 செப்தெம்பர் முதல், இத்தகைய பெட்டி உள்ள புதிய விளையாட்டுக்களுக்கு வயதுக் குறியீடு உயர்த்தப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவிலே 2025 சனவரியில், 'கென்ஷின் இம்பக்ற்' விளையாட்டு நிறுவனம் 20 மில்லியன் டொலர் செலுத்தவும், பதினாறு வயதுக்குட்பட்டோர்க்குப் பெற்றோர் சம்மதமின்றிப் பெட்டி விற்காதிருக்கவும் உடன்பட்டது.

தமிழகத்தின் அனுபவம் நமக்கு அணித்தானது. இணையவழிச் சீட்டாட்டத்திற் பணம் இழந்து பலர் உயிரை மாய்த்த துயரத்தின் பின், 2022இல் சட்டசபை தடைச் சட்டம் நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பியனுப்பினார், 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்றினர், ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. றம்மியும் போக்கரும் திறமை ஆட்டம் என்று அவ்வாண்டே உயர்நீதிமன்றம் அவற்றை விடுவித்தது. ஆயினும் அரசு ஓய்ந்துவிடவில்லை. நள்ளிரவு முதல் ஐந்து மணிவரை பணம் வைத்து ஆடலாகாது என்பது முதலான விதிகளை வகுத்தது; 2025 யூனில் நீதிமன்றம் அவற்றை ஏற்றது. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுக்கும் சட்டத்தை 2025 ஓகஸ்டில் இந்திய நாடாளுமன்றமும் இயற்றியது. அதே மாதத்தில் நம் நாட்டு நாடாளுமன்றமும் சூதாட்ட ஒழுங்குமுறை அதிகாரசபைச் சட்டத்தை நிறைவேற்றியது. பிள்ளைகளின் பரிசுப்பெட்டியும் அவ்வதிகாரசபையின் கண்ணிற் படவேண்டும் என்று நாம் கேட்போமாக.

எதைக் கேட்பது? முழுத் தடையையா? பெல்ஜியம் 2018இல் பணம் கொடுத்துத் திறக்கும் பெட்டியைச் சட்டவிரோதமென்றது. ஆனால் அதன்பின் ஓர் ஆய்வாளர் அந்நாட்டில் அதிக வருவாய் பெற்ற நூறு ஐபோன் விளையாட்டுக்களைப் பார்த்தபோது, 82 விளையாட்டுக்களிலே பெட்டி இருந்தது. காவலாளன் இல்லாத வேலி மாட்டைத் தடுக்காது என்பதை வயல் செய்யும் நமக்கு யாரும் கற்பிக்கவேண்டியதில்லை.

ஆகவே நாம் கேட்பவை மூன்று. பிள்ளைகளுக்குப் பெட்டி விற்றலாகாது. வளர்ந்தோர்க்கு விற்பதாயின், வாய்ப்பு எவ்வளவு என்பதையும் விலையை ரூபாவிலும் தமிழிலும் சிங்களத்திலும் பெட்டியின் முகத்திலேயே எழுதவேண்டும். எழுதியது உண்மைதானா என்று சோதிக்க ஆள் வேண்டும்.

நளன் கதை நினைவுக்கு வருகிறது. சூதிலே நாடிழந்த நளன், தான்றி மரத்தின் காய்களைப் பார்த்தமாத்திரத்தே எண்ணிச் சொல்லிய இருதுபன்னனிடம் அந்த எண்ணும் வித்தையைக் கற்றான். அதன் பின்னரே கலி அவனை விட்டு நீங்கினான். கணக்குத் தெரியாதவரைதான் கலிக்கு இடம்.

அக்கணக்கைக் கற்பிப்பது அரசின் கடன் மட்டுமன்று, இம்மன்றத்தின் கடனுமாகும். மூத்த இளைஞரே, உங்களைக் கண்டே சிறுவர் விளையாடுகின்றனர். பெரியோர்களே, கைத்தொலைபேசியைப் பறித்துவிட்டால் முடிந்தது என்று எண்ணாதீர்கள். மாலையிலே பந்து உதைக்க மைதானத்தைத் திருத்திக் கொடுங்கள், பிள்ளைக்கு அருகிருந்து "என்ன விளையாடுகிறாய் மகனே?" என்று ஒருமுறை கேளுங்கள்.

அந்த அம்மம்மாவுக்கு நாம் அன்று சொன்ன விடை இதுதான்: "பெட்டிக்குள்ளே ஒன்றுமில்லை அம்மா. உங்கள் மகள் கடல் கடந்து சிந்திய வியர்வைதான் அதற்குள்ளே போயிற்று." பையன் கேட்டுக்கொண்டு நின்றான். இப்போது வகுப்புக்கு ஒழுங்காகப் போகிறான். இன்று இந்த மண்டபத்திலும் இருக்கிறான், யாரென்று சொல்லமாட்டோம். அவனைப்போல இன்னும் எத்தனை பேர் இருக்கின்றனர் என்பதை அவரவர் வீட்டிலே கேட்டறியுங்கள்.

எல்லோரும் நலம்பெற இறைவன் அருள்வானாக.