துரையப்பா அரங்கமும் நம் காலிமனையும்

(சின்னசேலத்தில் நம் சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கத்துக்குரிய ஓர் ஏக்கர் சொச்சம் காலிமனையிற் கடைகள் கட்டி வாடகைக்கு விடுவதா, பிள்ளைகள் பந்தாடும் களமாக வைத்துக்கொள்வதா என்னும் வினா சென்ற கூட்டத்தில் முடிவுபெறாது நின்றது. அதுபற்றி நாமும் சில வார்த்தை கூறுமாறு தலைவரவர்கள் பணித்தார்கள். தமிழ் கற்பிக்கும் நமக்குப் பந்தாட்டத்தில் என்ன பாத்தியதை என்று சிலர் நகைக்கக்கூடும். உண்டு. காலும் பந்தும் புணர்ந்தாற் காற்பந்து என்றாதல் இலக்கணம். நம் மாணாக்கரோ கால்பந்து என்றே எழுதுகின்றனர். திருத்தித் திருத்தி நம் சிவப்பு மைதான் தீர்ந்தது. யாழ்ப்பாணத்தார் உதைபந்து என்று சொல்லி இச்சிக்கலினின்றும் தப்பிக்கொண்டனர்.

அந்த யாழ்ப்பாணத்துச் சிற்றரங்கு ஒன்றன் வரலாற்றையே இன்று சொல்லக் கருதுகின்றோம்.

பொது நூலகத்தின் அயலிலே, ஒல்லாந்தர் திருத்திக் கட்டிய கோட்டைக்கு அணித்தாக அமைந்துள்ளது துரையப்பா விளையாட்டரங்கம். நகர முதல்வராயிருந்து 1975-ஆம் ஆண்டிற் கொலையுண்ட ஆல்பிரட் துரையப்பாவின் பெயர் தாங்கியது. 1816-இல் தோன்றிய மத்திய கல்லூரி அதற்கு நடைதூரத்திலேயே உள்ளது. ஆகலின் மாணாக்கர் காலடி படாத ஆண்டே அக்களத்துக்கு இல்லை என்றிருத்தல் வேண்டும். அவ்வாறு இருக்கவில்லை.

நூலகம் 1981-இல் எரிக்கப்பட்ட செய்தியைப் பலரும் அறிவர். அரங்கம் அழிந்தமை அறிந்தார் சிலரே. உள்நாட்டுப் போரின் நடுவே 1997 முதல் அது பயன்படாது கிடந்தது. 1999-இற் செப்பனிடுவதற்காக நிலத்தை அகழ்ந்தபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. 25 பேருடையன என்று கணக்கிட்டனர். அன்பர்களே, பந்து உருளவேண்டிய மண்ணுக்குள்ளே! மேலே சொல்ல நமக்கு நா எழவில்லை.

போர் 2009-இல் ஓய்ந்தது. பின்னர் இந்திய அரசு சுமார் பதினாலரைக் கோடி இலங்கை ரூபாய் செலவிட்டு அரங்கத்தைப் புதுக்கிக் கொடுத்தது. 2016 ஜூன் 18-ஆம் நாள் குடியரசுத் தலைவர் சிறிசேனா நேரில் வந்திருக்க, நம் பிரதமர் மோதி தில்லியிலிருந்தே காணொளி வழியாகக் கலந்துகொள்ள, அது திறக்கப்பட்டது. அன்று ஆயிரக்கணக்கான மாணாக்கர் அக்களத்தில் யோகாசனம் செய்தனர்.

அங்கே அமர்ந்து பார்ப்பதற்கு 1850 பேருக்கே இடம். சென்னையில் 1993-இற் கட்டிய நேரு அரங்கத்துக்கு முன் இது சிறு திண்ணையே. ஆயினும் நமக்குப் பாடமாவது திண்ணைதான்; அரண்மனை அன்று.

நமக்கு அத்திண்ணைதானும் வேண்டா. பெரிய போட்டிகளுக்குரிய களம் 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் உடையது. ஒன்றேமுக்கால் ஏக்கர் வேண்டும். ஆட்டவிதி ஒப்பும் மிகச் சிறிய களமோ 90-க்கு 45; அது சரியாக ஓர் ஏக்கர்! நடுவிற் சிறிதே மேடாக்கி இருபுறமும் சரிவு விட்டால் ஐப்பசி மழை தானே வடியும். கோல்கம்பத்தின் முன்னுள்ள தரை முதலில் தேயும். ஆண்டுதோறும் அவ்விடத்துக்கு இரண்டு வண்டி மண் போதும்.

"பந்துதைத்தாற் பரீட்சை தேறுமா?" என்று நம் பெரியவர் ஒருவர் கேட்டார். தேறாது, ஐயா. நம் வகுப்பில் பந்தாடாமலே தேறாதவர் பலர் உளர்.

இன்னுமொன்று. களம் நம்முடையதாயினும், பிற வகுப்புப் பிள்ளைகளும் வருவர். பதினொருவர் எதிரே பதினொருவர் வேண்டுமே. நம் வீட்டுப் பிள்ளைகளை மட்டும் எண்ணினால் ஒரு பக்கமே நிரம்பும். இது சிலருக்கு உவப்பாயிராது என்பதை அறிந்தே சொல்லுகின்றோம்.

கடைவாடகை வருவாயை இழப்போம் என்பது மெய். நிலஞ்சமன்செய்யவும் கம்பம் நடவும் ஆகுஞ் செலவை எழுதிச் செயலாளரிடம் தந்துள்ளோம். நம் ஒரு மாதச் சம்பளம் அதில் முதல் வரியாக இருக்கின்றது. அடுத்த கூட்டத்துக்கு முன் அன்பர்கள் அத்தாளைப் பார்த்தருளுமாறு வேண்டுகின்றோம்.