கோர்ட்டிசோல் கூடினால்: எந்தப் பரிசோதனை எதைச் சொல்லும்?

லிங்கி, ரந்தாவ், பாகாவ் என நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் மூட்டு வலிக்கும் இடுப்பு வலிக்கும் மருந்து தேடாத வீடு குறைவு. அந்த வலி மருந்தோடு தொடர்புடைய ஒரு ஹார்மோன் கோளாறைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

சிறுநீரகங்களின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் கோர்ட்டிசோல் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. வேலை வாங்கும் மண்டோர், மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி. ஏசிடிஎச் என்ற ஹார்மோன்தான் அவர் அனுப்பும் கட்டளை. கோர்ட்டிசோல் போதுமான அளவு சேர்ந்ததும் கட்டளை குறைந்துவிடும்.

இந்தக் கட்டுப்பாடு தவறி, கோர்ட்டிசோல் மாதக்கணக்கில் மிகுந்திருந்தால் வருவது குஷிங் நோய்க்குறி. 1912இல் இதை விவரித்த அமெரிக்க மருத்துவர் ஹார்வி குஷிங்கின் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது. முகம் வட்டமாகும், வயிறு பெருக்கும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும். இவை வேறு காரணங்களாலும் வரும். ஆனால் லேசாக இடித்தாலே தோல் கன்றிப்போவது, வயிற்றில் செந்நீல நிறத்தில் அகலமான கோடுகள் விழுவது, கையூன்றாமல் நாற்காலியை விட்டு எழ முடியாதபடி தொடை தளர்வது ஆகியவை தெரிந்தால் தாமதிக்கக் கூடாது.

ரத்தம் எடுப்பதற்கு முன் மருத்துவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" பாசார் மாலாமிலும் ஆள் மூலமாகவும் விற்கப்படும் சில ஜாமு, மாஜூன் வகைகளில் கோர்ட்டிசோல் போலவே செயல்படும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. அதைச் சாப்பிட்டால் வலி பறந்துவிடும். ஆனால் வெளியிலிருந்து சரக்கு வந்து குவிவதைப் பார்த்து மண்டோர் கட்டளையை நிறுத்திவிடுவார். ஆளைப் பார்த்தால் குஷிங். ரத்தத்திலோ கோர்ட்டிசோல் மிகக் குறைவு. மருந்தை மறைத்தால் இந்த முரண்பாடு மருத்துவரைத் திசைதிருப்பிவிடும்.

அப்படிப்பட்டவருக்குத் தூண்டல் பரிசோதனை உதவும். ஏசிடிஎச் போன்ற மருந்தை 250 மைக்ரோகிராம் ஊசியாகப் போட்டு, அதற்கு முன்பும் அரை மணி, ஒரு மணி நேரம் கழித்தும் ரத்தம் எடுப்பார்கள். கோர்ட்டிசோல் போதிய அளவு ஏறாவிட்டால் அட்ரினல் இன்னும் விழிக்கவில்லை என்று பொருள். அதனால்தான், நீண்ட நாள் சாப்பிட்ட இத்தகைய மருந்தைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஸ்டீராய்டு எதுவும் சாப்பிடாதவருக்கு வழி வேறு. இரவு 11 மணி வாக்கில் 1 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் கொடுத்து, மறுநாள் காலை 8, 9 மணிக்குள் ரத்தம் எடுப்பார்கள். கோர்ட்டிசோல் லிட்டருக்கு 50 நானோமோலுக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் கவலை இல்லை. இறங்காவிட்டாலும் உடனே குஷிங் என்று முடிவுகட்ட முடியாது. வலிப்பு மருந்து, காசநோய் மருந்து, கருத்தடை மாத்திரை ஆகியவையும் முடிவை மாற்றும். மிகுந்த குடி, கடுமையான மனச்சோர்வு, கட்டுக்கடங்காத சர்க்கரை ஆகியவையும் கோர்ட்டிசோலை ஏற்றிக் காட்டும். நள்ளிரவில் உமிழ்நீரில் கோர்ட்டிசோலை அளக்கும் சோதனையும் உண்டு; ஆனால் அது செனவாங், நீலாய் தொழிற்சாலைகளில் இரவு ஷிப்ட் செய்பவருக்குப் பொருந்தாது.

சந்தேகம் நீடித்தால் டெஸ்மோப்ரெசின் ஊசி போட்டு, ஏசிடிஎச் எப்படி ஏறுகிறது என்று பார்ப்பார்கள். பிட்யூட்டரிக் கட்டி இருந்தால் அது பெரும்பாலும் சட்டென்று ஏறும். ஆனால் ஏறாத கட்டிகளும் உண்டு. வேறு உறுப்பில் கட்டி இருந்தும் சிலருக்கு ஏறுவதுண்டு. எனவே எந்தத் தூண்டல் பரிசோதனையும் தனியாக நின்று தீர்ப்புச் சொல்லாது. நோயாளியின் கதை, உடலின் அடையாளம், மற்ற சோதனைகள் எல்லாவற்றோடும் சேர்த்துத்தான் அதற்கு மதிப்பு.

நேயர்களே, கிளினிக்குக்குப் போகும்போது வீட்டில் உள்ள மாத்திரை, ஜாமு, களிம்பு, எண்ணெய் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். குடிப்பழக்கத்தையும் இரவு வேலையையும் சொல்லுங்கள். வாங்கும் மருந்தில் மால் (MAL) என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா, அது தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் பதிவேட்டில் உண்மையிலேயே உள்ளதா என்று பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் மறைக்காமல் சொல்லும் விவரம்தான் உங்கள் பரிசோதனை முடிவுக்குப் பொருள் கொடுக்கிறது.