வடதிசை எழுத்தும் கணினி விசைப்பலகையும்

கனடா நாட்டின் வடகிழக்குக் கோடியிலே, ஆண்டின் பெரும்பகுதியும் கடல் உறைந்து கிடக்கும் நிலப்பரப்பிலே இனுயிட் என்னும் மக்கள் வாழ்கின்றனர். முன்னாளில் அயலார் இவர்களை எஸ்கிமோவர் என்றழைத்தனர். அப்பெயரை அவர்களிற் பலர் விரும்புவதில்லை. இனுயிட் என்ற சொல்லுக்கு மக்கள் என்பதே பொருள். அவர்கள் பேசும் மொழி இனுக்டிடுட். 1999ஆம் ஆண்டு ஏப்பிரல் முதலாந் திகதி நுனவுட் என்னும் ஆட்சிப் பிரதேசம் அவர்களுக்கென உருவாயிற்று. அதன் பரப்பு இருபது இலட்சம் சதுர கிலோமீற்றருக்கு மேல். 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள் தொகையோ 37,000க்குச் சற்றுக் குறைவு.

இச்சிறு தொகையினர் தம் மொழியைத் தம் எழுத்திலேயே கணினியில் எழுதுவது எங்ஙனம்? கேட்பதற்குச் சிறிய வினாவாகத் தோன்றலாம். ஆயினும், ஒரு மொழிக்கு எத்தனை எழுத்து என்பதை அம்மொழியார் முடிவு செய்வதா, பொறி முடிவு செய்வதா என்னும் பெரியதொரு வழக்கு இவ்வினாவினுள்ளே அடங்கிக் கிடக்கின்றது.

எழுத்தின் அமைப்பை முதலில் அறிதல் வேண்டும். வானொலியில் வடிவத்தைக் காட்டுதல் இயலாது. எனவே நேயர்கள் தம் வலக்கையின் இரு விரல்களை விரித்துக் கூரைமுகடு போன்ற ஒரு வடிவத்தை மனத்திற் கொள்வார்களாக. முனை மேல்நோக்கி நிற்கும் அக்கூரை 'பி' என்னும் எழுத்து. அதே வடிவத்தை முனை வலப்பக்கம் நோக்குமாறு திருப்பினால் 'பு'. இடப்பக்கம் திருப்பினால் 'ப'. வடிவம் மெய்யைக் காட்டுகின்றது. அது நோக்கும் திசை உயிரைக் காட்டுகின்றது. மொழியில் உள்ள உயிர்கள் அ, இ, உ என்னும் மூன்றே. அவற்றின் நெடில்களும் உண்டு. நெடிலுக்கு எழுத்தின் தலைமீது ஒரு புள்ளி இடப்படும். தனி மெய்யாயின் எழுத்தைச் சிறிதாக்கி மேலே உயர்த்தி எழுதுவர். தமிழில் மெய்யைக் குறிக்கும் புள்ளி அங்கே நெடிலைக் குறிக்கின்றது என்பது நம்மவர்க்குச் சற்று வியப்பாகவே இருக்கும்.

இம்முறையை முதலில் வகுத்தவர் ஜேம்ஸ் எவன்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார். 1840ஆம் ஆண்டளவில், இன்றைய மனிற்றோபா மாகாணத்திலுள்ள நோர்வே ஹவுஸ் என்ற இடத்தில், கிரீ என்னும் மக்களின் மொழிக்காக அவர் இதனை ஆக்கினார். அச்சுக்கூடம் எதுவும் அங்கில்லை. தேயிலைப் பெட்டிகளின் உட்புறத்தே ஒட்டியிருந்த ஈயத் தகட்டை உருக்கி அவர் எழுத்து வார்த்தார் என்று கூறுவர். இலங்கையில் தேயிலையை வாணிகமுறையிற் பயிரிடத் தொடங்கியது 1867இலேயாதலின் அப்பெட்டிகளுக்கு நாம் உரிமை கொண்டாட வழியில்லை. 1850களில் ஹோர்டன், வாட்கின்ஸ் என்னும் இருவர் அவ்வெழுத்தை இனுயிட் மக்களின் மொழிக்கேற்பத் திருத்தியமைத்தனர். 1876இல் வடக்கே சென்ற எட்மண்ட் பெக் அதனைப் பரப்பினார். எனினும் பரவியதன் சிறப்பு அவரை மட்டும் சார்ந்ததன்று. பள்ளிக்கூடம் இல்லாத அந்நிலத்தில் தாய் பிள்ளைக்கும், ஒரு கூடாரத்தார் மறு கூடாரத்தாருக்கும் கற்பித்தே இவ்வெழுத்து பரந்தது. பிறர் தந்ததாயினும் இரண்டு மூன்று தலைமுறைக்குள் அது அவர்களுடையதே ஆயிற்று.

இனிப் பொறியின் கதைக்கு வருவோம். ஐ.பி.எம். நிறுவனத்தாரின் செலெக்ரிக் என்னும் தட்டச்சுப் பொறியில் எழுத்துக்கள் ஒரு சிறிய உருண்டையின்மீது பொறிக்கப்பட்டிருந்தன. உருண்டையைக் கழற்றி வேறொன்றை மாட்டினால் வேறொரு மொழியில் அச்சிடலாம். அரிய வசதிதான். ஆனால் உருண்டையில் இடம்பெறக்கூடியவை 88 குறிகள் மட்டுமே. இனுக்டிடுட் எழுத்தில் அந்நாளில் மூன்று திசைகளுடன் நான்காவதொரு திசையும் இருந்தது. கூரையைக் கவிழ்த்து முனை கீழ்நோக்க வைத்தால் அது 'பை'. இவ்வாறே ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் ஐகார எழுத்து உண்டு. கணக்கிட்டுப் பார்ப்போம். உயிர் வரிசையும் மெய் வரிசைகளுமாக ஏறத்தாழப் பதினைந்து வரிசைகள். வரிசைக்கு நான்காக அறுபது எழுத்து. தனி மெய்கள் பதினான்கு. எண்கள் பத்து. நெடிற்புள்ளியைத் தனிக் குறியாக வைத்தாலும் 85 ஆகிவிடுகின்றது. முற்றுப்புள்ளி, கால்புள்ளி, வினாக்குறி, அடைப்புக்குறி யாவற்றுக்கும் எஞ்சியவை மூன்றே இடங்கள்!

1976ஆம் ஆண்டு இனுயிட் பண்பாட்டு நிறுவனத்தின் மொழிக்குழு எழுத்தைச் செம்மைப்படுத்தியபோது ஐகார நிரல் முழுவதும் நீக்கப்பட்டது. 'பை' என்பதைப் 'ப', 'இ' என இரண்டெழுத்தால் எழுதலாமே என்று காரணம் கூறினர். காரணம் பொருத்தமானதே, ஒலியும் கெடவில்லை. ஆயினும் நூறாண்டு வழங்கிய எழுத்துக்களை உருண்டையின் பொருட்டு இழக்க நேர்ந்தது என்பதை மறுத்தற்கில்லை. கியூபெக் மாகாணத்தின் வடபாலுள்ள நுனவிக் பகுதியினர் இவ்விழப்பை ஏற்காது, பின்னர் ஐகார நிரலை மீட்டுக்கொண்டனர். ஆகவே ஒரே மொழியார் இரு வேறு எழுத்துப் பட்டியல்களைக் கொண்டவர் ஆயினர். தமிழ் எழுத்துக்களைச் சில விசைகளுக்குள் அடக்குவதற்காகச் சிங்கப்பூரில் இருந்து உழைத்த யாழ்ப்பாணத்தவரான முத்தையா அவர்களை அறிந்தோர்க்கு, இச்சிக்கல் எத்தகையது என விரித்துரைக்க வேண்டியதில்லை.

உருண்டை போய்க் கணினி வந்தது. துன்பம் நீங்கிற்றா? உடனே நீங்கவில்லை. தொடக்கத்தில் ஆங்கில எழுத்துக்களுக்குரிய குறியெண்களின்மீதே இனுக்டிடுட் வடிவங்களை ஏற்றினர். புரோசில், நுனாகொம் முதலிய எழுத்துருக்கள் அவ்வகையின. அனுப்புவோரிடமுள்ள எழுத்துரு பெறுவோரிடம் இல்லையெனின், இனுயிட் என்ற பெயர் டபிள்யூ, கே, டபிள்யூ, 5 எனத் திரையில் வந்து நிற்கும். பாமினி எழுத்துருவில் எழுதிய மடல் அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் எப்படித் தோன்றும் என்பதைக் கண்ட இலங்கைத் தமிழருக்கு இது புதிய காட்சி அன்று.

இந்நிலையை மாற்றியது யூனிக்கோட் எனப்படும் ஒருங்குறி. 1999 செப்டெம்பரில் வெளியான அதன் மூன்றாம் பதிப்பில், கனடிய முதற்குடிகளின் அசையெழுத்துக்கள் ஒரே தொகுதியாக இடம்பெற்றன. நுனவுட் பிறந்து ஐந்து மாதமே ஆகியிருந்தது. நீக்கப்பட்ட ஐகார எழுத்துக்களுக்கும் அத்தொகுதியில் இடம் உண்டு. ஒருங்குறிக்கு உருண்டையின் நெருக்கடி இல்லையன்றோ.

இன்று ஒருவர் தம் கணினியில் இவ்வெழுத்தை அமைத்துக்கொள்வது கடினமன்று. விண்டோஸ் இயங்கும் கணினியாயின், அமைப்புகள் என்னும் பகுதியில் மொழிகள் என்பதைத் திறந்து, இனுக்டிடுட் அசையெழுத்து என்பதைச் சேர்த்தல் வேண்டும். பின்னர் நக்கிட்டாவுட் என்னும் விசைப்பலகையைத் தெரிதல் வேண்டும். விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் ஒருசேர அழுத்தினால் ஆங்கிலத்துக்கும் இனுக்டிடுட்டுக்கும் மாறி மாறிச் செல்லலாம். எழுத்துருவைத் தேடி அலைய வேண்டுவதில்லை. 2007இல் வெளிவந்த விஸ்ராப் பதிப்பிலேயே யூபீமியா என்னும் எழுத்துரு உடன் வந்துவிட்டது. அப்பிள் கணினிகளிலும் இதற்கெனப் பலகைகள் உள. அவற்றுள் ஒன்றன் பெயர் நுனவிக். ஐகாரத்தைக் கைவிடாதோர் தமக்குரியதைப் பெயர் சொல்லியே தெரிந்துகொள்ளலாம்.

பலகையின் ஒழுங்கே இதில் மிக இனியது. 5 என்னும் எண்விசையிலிருந்து சரிவாகக் கீழே இறங்கினால் ஆங்கிலப் பலகையில் ரி, ஜி, பி என்னும் விசைகள் வரும். நக்கிட்டாவுட் முறையில் 5 தகரத்தின் தனி மெய்; அதன்கீழ் 'தி', அதன்கீழ் 'து', அடியில் 'த'. அடுத்துள்ள 4, ஆர், எஃப், வி என்னும் சரிவில் ககர மெய்யும் 'கி', 'கு', 'க' என்பனவும் அமைந்துள்ளன. மேல்வரிசை இகரம், நடுவரிசை உகரம், கீழ்வரிசை அகரம். எல்லா மெய்களுக்கும் இவ்வளவு நேரான சரிவு கிடைக்கவில்லை. விசைகள் போதாமையால் சிலவற்றிற்கு இன்னொரு விசையைத் துணைக்கு அழுத்த வேண்டும். ஆயினும் எழுத்தில் திசை எதுவோ அது விரலில் வரிசையாயிற்று. இனுக்டிடுட் என்னும் சொல்லை உரோமன் எழுத்தில் அடிப்பதற்கு ஒன்பது விசைகள் வேண்டும். இம்முறையில் டபிள்யூ, கே, 4, ரி, ஜி, 5 என ஆறே போதும்.

வேறொரு வழியும் உண்டு. உரோமன் எழுத்தில் ஒலியை அடித்தால் கணினியே அசையெழுத்தாக மாற்றித் தரும். ஆங்கிலப் பலகையில் பழகிய இளைஞருக்கு அது எளிது. ஆனால் அவ்வழியில் மனம் முதலில் உரோமன் எழுத்தை நினைத்த பின்னரே தன் எழுத்தைக் காண்கின்றது. அசையெழுத்தை மட்டுமே அறிந்த முதியவருக்கு அது பயன்படாது. அவர்க்கு உகந்தது சரிவுப் பலகையே என்பதில் ஐயமில்லை.

2019ஆம் ஆண்டு இனுயிட் தாப்பிரீட் கனாட்டாமி என்னும் தேசிய அமைப்பு, வட்டாரந்தோறும் வழங்கும் ஒன்பது எழுத்து முறைகளுக்கும் பொதுவாக உரோமன் எழுத்தில் ஒரு முறையை ஏற்றுக்கொண்டது. மேற்கிலும் லபிரடோரிலும் உள்ளோர் முன்னரே உரோமன் எழுத்தில் எழுதுபவர்கள். பாடநூல்களை எல்லாரும் பகிர்ந்துகொள்ளலாம் என்பது அதன் நோக்கம். எழுத்தை அன்னையின் மடியிற் கற்ற நுனவுட் முதியோருக்கு அது எளிதில் உவக்கும் செய்தியன்று. பழைய முறைகளைக் கைவிடுமாறு அவ்வமைப்பு எவரையும் பணிக்கவில்லை. நுனவுட்டில் இரண்டும் வழங்கி வருகின்றன.

பட்டியலும் முடிந்துவிடவில்லை. ஜோவா ஹேவன், தலோயோக், குகாருக் என்னும் ஊர்களில் வழங்கும் நற்றிலிக் வட்டார வழக்கில், ஏனையோரிடம் இல்லாத சில ஒலிகள் உள. அவ்வொலிகளுக்குரிய எழுத்துக்கள் 2021இல் வெளியான ஒருங்குறியின் 14ஆம் பதிப்பில்தான் சேர்க்கப்பட்டன. அதுவரை அவ்வூரார் தம் எழுத்திற் சிலவற்றைக் கையால் எழுதலாமேயன்றி ஒருங்குறியில் அடித்தல் இயலாது. குறியெண் கிடைத்தபின் எழுத்துருவில் வடிவம் வரைய வேண்டும்; வடிவம் வந்தபின் விசைப்பலகையில் இடம் தேட வேண்டும்.